முத்திரையில்லா வெள்ளி

தமிழ்நாட்டின் பழைய வெள்ளி நகைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் இல்லை, செய்த ஊரும் இல்லை, வெள்ளியின் மாற்றும் இல்லை. மாற்று என்பது ஒரு நகையின் எடையில் எத்தனை பங்கு தூய வெள்ளி, எத்தனை பங்கு செம்பு முதலிய பிற உலோகம் என்பதைக் குறிக்கும் அளவு. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே வெள்ளிப் பொருள்களைச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்னும் சட்டம் வந்துவிட்டதோடு, 1544 முதல் நடக்கும் சிங்கத்தின் உருவமும் அம்முத்திரைகளுள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால், அந்நாட்டுப் பழைய கரண்டி ஒன்றைத் திருப்பிப் பார்ப்பவர் அது எந்த நகரத்தில், எந்த ஆண்டில், யாருடைய பட்டறையில் உருவானது என்பதை ஒரு கையேட்டின் துணையோடு படித்துவிடலாம். இந்தியாவிலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் வெள்ளிக்கு வந்ததே 2005இல்தான். சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ், கச்சுப் பகுதியில் புஜ் நகரத்து ஊமர்சி மாவ்ஜி போன்றோர் தங்கள் பெயரைப் பொறித்து விற்ற தேநீர்க் குடுவைகளும் கிண்ணங்களும் பெரும்பாலும் ஆங்கிலேயர் வீடுகளுக்கும் மன்னர் மாளிகைகளுக்கும் சென்றவை. ஊர்ப் பெண்களின் காலிலும் இடுப்பிலும் கிடந்த வெள்ளிக்கு அந்த வழக்கம் இருந்ததில்லை.

இதைக் கைவினைஞரின் கவனக்குறைவாகக் கருதுவது தவறு. முத்திரை என்பது முகமறியாத இருவருக்கிடையே விற்பனை நடக்கும்போது தேவைப்படும் உத்தரவாதம். நகை செய்விக்கும் குடும்பம் தன்னிடமுள்ள வெள்ளி ரூபாய்களை அல்லது தேய்ந்த பழைய நகையைத் தானே எடுத்துச் சென்று, தலைமுறையாகத் தன் வீட்டுக்கு வேலை செய்யும் பொற்கொல்லரான பத்தரிடம் கொடுத்து, குமுட்டியில் உருகும்போது பக்கத்திலேயே அமர்ந்திருந்து, செய்கூலியும் சேதாரமும் பேசி முடித்து, அதே எடைக்குக் கொலுசோ தண்டையோ வாங்கிக்கொண்டு வந்த காலத்தில், அந்த வெள்ளியின் மாற்றுக்கு அந்தக் குடும்பத்தின் கண்களே சாட்சியாக இருந்தன. அந்தக் குடும்பத்திடமிருந்து நகை பிரிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பழைய வெள்ளிக் கடையின் தட்டில் மற்ற நகைகளோடு சேர்ந்து கிடக்கும்போது அது எதையும் சொல்லாத பொருளாகிவிடுகிறது.

இத்தகைய நகைகளின் பிறப்பிடத்தை அறிவது எங்கும் கடினமே என்றாலும், இராமேஸ்வரத்தையும் இராமநாதபுரம் கரையையும் போலக் கடினமான இடம் தமிழகத்தில் வேறு இருக்குமா என்பது ஐயமே. காசியில் தொடங்கிய யாத்திரையை இராமநாதசுவாமி கோயிலின் தீர்த்தங்களில் முடிப்பவர்கள் இராஜஸ்தானம், மராட்டியம், வங்காளம், நேபாளம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் தங்கள் நாட்டு நகைகளை அணிந்தே வந்திருக்கிறார்கள்; நேர்ந்துகொண்டு உண்டியலில் இட்டவையும், அக்னி தீர்த்தத்தில் மூழ்கும்போது கடலில் தவறியவையும், வழிச்செலவுக்காக விற்றவையும் இக்கரையிலேயே தங்கிவிடும். கீழக்கரை மரைக்காயர்கள் இலங்கையோடும் மலாய் நாட்டோடும் பல நூற்றாண்டுகளாக வணிகம் செய்தவர்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் வெளியூர் வணிகரையும் அவர்தம் காசையும் இங்கே இழுத்தன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதே நீர்வழியாகத் தாயகம் திரும்பினார்கள். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும் இம்மாவட்டத்து ஊர்களில் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரிடமும் மடியிலோ மேனியிலோ கொஞ்சம் வெள்ளி இருந்திருக்கும். ஆகவே இராமநாதபுரத்தில் கிடைத்தது என்பதனாலேயே ஒரு நகையை இராமநாதபுரத்து நகை என்று எழுதிவிட முடியாது.

பிறப்பிடம் என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருப்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வெள்ளி எந்த மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்பது ஒன்று. அதை நகையாக்கிய பட்டறை எங்கிருந்தது என்பது மற்றொன்று. அதை அணிந்தவர் யார், எங்கே வாழ்ந்தவர் என்பது மூன்றாவது. தென்னமெரிக்காவில் வெட்டப்பட்டு, பம்பாயில் ரூபாயாக அச்சிடப்பட்டு, யாழ்ப்பாணத்தில் காப்பாகி, பரமக்குடியில் ஒரு பெண்ணின் கையில் ஐம்பது ஆண்டுகள் கிடந்த வெள்ளிக்கு இம்மூன்று கேள்விகளுக்கும் மூன்று விடைகள். ஆய்வுக்கூடத்தின் கருவிகள் முதற்கேள்விக்கு ஓரளவும், கைவினையை அறிந்த கண் இரண்டாவதற்குப் பெருமளவும் விடை சொல்லும்; மூன்றாவதற்கு மனிதர்களின் நினைவைத் தவிர வேறு நல்ல சான்று அரிது.

தமிழகம் வெள்ளி விளையும் நாடன்று. இந்தியாவின் பழைய வெள்ளிச் சுரங்கங்கள் இராஜஸ்தானத்தின் ஆரவல்லி மலைத்தொடரில், ஈயமும் துத்தநாகமும் கலந்து கிடக்கும் தாரிபா, அகூச்சா, ஜாவர் போன்ற இடங்களில் இருந்தன. தெற்குக்குத் தேவையான வெள்ளி ஏறத்தாழ முழுவதுமே வணிகத்தின் வழியாக வந்தது. முத்திரைக் காசுகளாகவும், உரோமப் பேரரசின் தெனாரியஸ் நாணயங்களாகவும் முதலில் வந்தது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து நடத்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது, இக்கரைக்கும் மேலைக் கடலுக்கும் இருந்த தொடர்பின் பழமையைக் காட்டும். பதினாறாம் நூற்றாண்டில் பொலிவியாவின் பொட்டோசி மலையும் மெக்சிகோவின் சுரங்கங்களும் திறக்கப்பட்டபின் எட்டு ரியால் எனப்படும் ஸ்பானிய வெள்ளிக் காசு உலகமெங்கும் பரவி, மிளகுக்கும் துணிக்கும் விலையாகக் கோரமண்டலக் கரையில் இறங்கியது. பிறகு 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை அச்சிட்டது: எடை 180 தானிய மணி, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது 91.67 விழுக்காடு. அடுத்த நூறாண்டுக்குமேல் தமிழ்நாட்டுப் பத்தரின் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குகையில், விழுந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்த ரூபாயாகவே இருந்தது.

இந்த ஒரு செய்தியே நகையை ஆராய்பவர்க்கு எளிய கருவி ஒன்றைத் தருகிறது. ஊர்ப்புறத்தில் வெள்ளியை ரூபாய் எடையால் சொல்வது வழக்கம். பத்து ரூபாய் எடைத் தண்டை என்றால் பத்து ரூபாய்க் காசுகள் நிற்கும் எடை என்று பொருள். வாடிக்கையாளர் இருபது காசு கொடுத்து ஒரு சோடி செய்விக்கும்போது ஒவ்வொன்றும் 116.6 கிராமுக்குச் சற்றே குறைவாக நிற்கும். குறைவது சேதாரமும் பின்னாளைய தேய்மானமும். தராசில் நிறுத்த எடை 11.66இன் முழு மடங்குக்கு மிக அருகே வருமானால் அது ரூபாய்க் காலத்து நகை என்பதற்கு ஒரு துப்பு, வெறும் துப்பு மட்டுமே, கிடைத்துவிடுகிறது. துப்பைச் சான்றாக்க, உலோகத்தின் மாற்றை அறியவேண்டும்.

அதற்கு மிகப் பழைய வழி அடர்த்தியை அளப்பது. தூய வெள்ளி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பு 8.96 கிராம், இரண்டும் எந்த அளவில் கலந்தனவோ அதற்கேற்ப நகையின் அடர்த்தி நடுவே நிற்கும். நகையை முதலில் காற்றிலும், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் நிறுத்தால், இரண்டுக்குமான வேறுபாடு அது விலக்கிய நீரின் எடையாகும். அதுவே நகையின் கன அளவு. எடுத்துக்காட்டாக, காற்றில் 116.6 கிராம் நிற்கும் கெட்டிக் காப்பு ஒன்று ரூபாய் வெள்ளியால் ஆனதென்றால் தண்ணீரில் ஏறத்தாழ 11.27 கிராம் இழக்கும். அதே எடைக் காப்பு மரியா தெரேசா தாலரை உருக்கிச் செய்ததென்றால் இழப்பு 11.43 கிராம் ஆகும். 1780 என்னும் ஆண்டைத் தாங்கியே பின்னாளிலும் அச்சிடப்பட்டு வந்த இந்த ஆஸ்திரியக் காசு, 83.3 விழுக்காடு வெள்ளி உடையது. அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் நகைக்கான வெள்ளியாகவே அது புழங்கியதால், ஹஜ் சென்று மீண்டவர்களோடு இக்கரைக்கு வந்த ஏமன் நாட்டு நகையில் அதை எதிர்பார்க்கலாம். இரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள 0.16 கிராம் வேறுபாட்டை இக்காலத்து நகைக்கடைத் தராசு எளிதில் காட்டும். ஆனால் 92.5 விழுக்காடுடைய ஸ்டெர்லிங் வெள்ளிக்கும் ரூபாய் வெள்ளிக்கும் இடையே வருவது 0.02 கிராம் அளவுதான் என்பதால், நகையில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழி போதும், விடை மாறிவிடும். உள்கூடான நகைக்கோ, உள்ளே அரக்கு நிரப்பிய நகைக்கோ இந்த முறை உதவாது.

இன்றைய கடைகளில் பரவலாகியிருக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி, நகையைக் கரைக்காமலும் சுரண்டாமலும் சில நொடிகளில் அதன் உலோகங்களைப் பட்டியலிட்டுத் தருகிறது. எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய கதிரைத் திருப்பி வீசும் என்பதே இதன் அடிப்படை. எனினும் இக்கருவி நகையின் தோலை மட்டுமே படிக்கிறது என்பதை மறந்தவர்கள் பெரும்பிழைக்கு உள்ளாவார்கள். பத்தர் நகையை ஒவ்வொருமுறை பழுக்கக் காய்ச்சும்போதும் மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். அதைப் போக்கப் புளிக்கரைசலில் இட்டுக் கொதிக்கவைக்கும்போது, புளியின் அமிலம் அந்தச் செம்பைக் கரைத்துவிட்டு வெள்ளியை விட்டுவைக்கும். இது பலமுறை நடந்ததும் மேல்தோல் உள்ளிருப்பதைவிடத் தூயதாகிறது. எண்பது விழுக்காட்டு வெள்ளியைக் கருவி தொண்ணூற்றைந்து என்று சொல்வது இவ்விதமே. அதனால் பல ஆண்டு உராய்ந்து தோல் தேய்ந்துபோன உட்புறத்திலோ, மூட்டுக்கு அருகே கண்ணில் படாத ஓரிடத்தில் மெல்லத் தேய்த்துவிட்டோ அளப்பதே முறை.

மாற்றைவிட நிறையச் சொல்லக்கூடியவை வெள்ளியில் சிறிதளவே கலந்திருக்கும் பிற தனிமங்கள். ஈயத் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் பழைய புடமுறையில், ஈயம் காற்றோடு சேர்ந்து புடச்சாம்பலில் ஊறிப்போக வெள்ளி எஞ்சும். ஆனால் தாதுவில் இருந்த பொன் எரியாமல் வெள்ளியோடேயே தங்கிவிடும், சிறிது ஈயமும் பிஸ்மத்தும்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமிலத்தாலும், 1880களுக்குப் பிறகு மின்னாற்பகுப்பாலும் வெள்ளியிலிருந்து பொன்னைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் தொழில்முறைகள் பரவியதால், அதன்பின் வந்த சந்தை வெள்ளியில் பொன் ஏறக்குறைய இருப்பதேயில்லை. எனவே ஒரு தண்டையில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு பொன் தென்பட்டால் அதன் வெள்ளி பழைய கையிருப்பிலிருந்து வந்தது என்று நம்ப இடமுண்டு. மாறாக, பாதி வெள்ளி, பத்தில் நான்கு பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் என்ற கணக்கு வந்தால் வேறெந்த ஆராய்ச்சியும் வேண்டியதில்லை: இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940இல் இந்திய அரசு இறக்கிய மாற்றுக் குறைந்த ரூபாயின் கலவை அதுவே. 1947இல் ரூபாய் முழுவதும் நிக்கலானது. அதற்குள் பழைய ரூபாய்களைப் பானையில் பதுக்கியவர்களும் புதியதை அறியாமல் உருக்கியவர்களும் உண்டு. இலங்கையின் ஐம்பது சத, இருபத்தைந்து சத வெள்ளிக் காசுகள் 1892 முதல் 80 விழுக்காடும், 1919 முதல் 55 விழுக்காடும் வெள்ளி கொண்டிருந்தன. மலாய் நாட்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரோ 1903இல் வந்தபோது 90 விழுக்காடு. கடல் கடந்து உழைத்தவரின் கூலி எந்தக் காசாக மடியில் திரும்பியது என்பதற்கு இந்த எண்கள் சாட்சி சொல்லும்.

வெள்ளியில் எஞ்சிய அந்தத் துளி ஈயத்தின் ஐசோடோப்புகளை அளப்பது இன்னும் நுட்பமான வழி. ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை. ஈயத்தில் நான்கு வகை உண்டு. 204 என்னும் எடையுடையது உலகு தோன்றியது முதல் மாறாதிருக்க, 206உம் 207உம் யுரேனியத்திலிருந்தும் 208 தோரியத்திலிருந்தும் காலப்போக்கில் சேர்ந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்திலும் இவற்றின் விகிதம் அந்தப் பாறையின் வயதுக்கும் இயல்புக்கும் ஏற்ப அமைகிறது. இந்த முறையோடு வெள்ளி, செம்பு ஆகியவற்றின் ஐசோடோப்புகளையும் சேர்த்து, ஸ்பானியப் பேரரசின் காசுகளில் ஐரோப்பிய வெள்ளி எது, மெக்சிகோ வெள்ளி எது, ஆண்டீஸ் மலை வெள்ளி எது என்று பிரித்துக் காட்டிய பிரெஞ்சு ஆய்வு 2011இல் வெளியானது. ஆனால் காசுக்குச் செல்லுவது கொலுசுக்குச் செல்லாது. மகளுக்குத் திருமணமென்றால் தாயின் தண்டையை உருக்குவதும், குறையும் எடைக்குக் காசு சேர்ப்பதும், கொலுசு அறுந்தால் மீண்டும் உருக்குவதும் இங்கே தலைமுறைதோறும் நடந்தவை. ஐந்தாறு சுரங்கங்களின் ஈயம் ஒரே மூசையில் கலந்தபின் கருவி காட்டும் விகிதம் எந்தச் சுரங்கத்துக்கும் சொந்தமாகாத ஒரு சராசரியாகிவிடும். மேலும் பத்தர் சேர்த்த செம்பிலும் ஈயம் இருந்திருக்கும். பெருஞ்செலவு பிடிக்கும் இச்சோதனையைச் சாதாரண நகைக்குச் செய்வது வீண் என்பதே நேர்மையான மதிப்பீடு. புதையலாக மண்ணில் கிடைத்து, பிற்காலத்தில் உருக்கப்படாமல் தப்பிய பண்டைய வெள்ளிக்கு அதை ஒதுக்கி வைப்பதே தகும்.

இரண்டாம் கேள்வியான பட்டறைக்கு வரும்போது ஆய்வாளரின் கையிலுள்ள சிறந்த கருவி பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைக்கண்ணாடி. சுத்தியலால் தட்டி மெலிதாக்கிய தகட்டின் தடிமன் ஓரிடத்துக்கு ஓரிடம் சற்றே மாறும். உருளை இயந்திரத்தில் இழுத்த தகடு எங்கும் ஒரே தடிமனாய் இருக்கும். பல அளவுத் துளைகளையுடைய எஃகுத் தகட்டில் கையால் இழுத்த கம்பியின் நீளவாட்டில் மெல்லிய கீறல்கள் ஓடும். முனைகளைப் பற்றவைத்த இடத்தைப் பார்ப்பது இவை எல்லாவற்றிலும் முதன்மையானது. வெள்ளியோடு செம்போ பித்தளையோ கலந்து, வெள்ளியைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும்படி செய்த பற்றுப்பொடியை வெண்காரத்தோடு மூட்டில் தூவி, ஊதுகுழலால் தீயை அதன்மேல் செலுத்துவதைப் பொடிவைத்து ஊதுதல் என்பார்கள். பொடிவைத்துப் பேசுதல் என்னும் வழக்கும் இந்தப் பட்டறையில் பிறந்ததென்று சொல்வதுண்டு. கைதேர்ந்தவரின் மூட்டில் பொடி கோடுபோல் ஓடி நிற்கும்; அவசர வேலையில் பக்கங்களில் வழிந்து உறைந்திருக்கும். அந்தப் பொடியில் காட்மியம் என்னும் உலோகம் தென்படுமானால், அது கண்டுபிடிக்கப்பட்டதே 1817இல் என்பதாலும், பற்றுப்பொடியில் அதன் புழக்கம் இருபதாம் நூற்றாண்டினது என்பதாலும், அந்த மூட்டு பழையதாக இருக்க வழியில்லை. ஒன்று நகையே புதியது, அல்லது பழைய நகை பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது. ஒரே நகையில் நான்கு மூட்டுகளிருந்தால் நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டியதன் காரணம் இதுவே. திருகாணியின் மரையும் இதுபோன்றதே: கையால் அறுத்த மரையின் சுற்றுகள் இடைவெளி ஒவ்வாமல் போகும், ஒரு காதின் திருகு மறுகாதின் சுரைக்குள் ஏறாது.

உள்கூடான தண்டைக்கும் சிலம்புக்கும் உள்ளிருப்பதே அடையாளம் என்பதைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முத்திரையற்ற ஒரு கால்நகையின் உரிமையை அதன் உட்பரலால் தீர்த்த வழக்கே சிலப்பதிகாரத்தின் நடுவே நிற்கிறது: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், வெளித்தோற்றத்தால் வேறுபடுத்த முடியாத இரண்டை உடைத்துத்தான் பிரிக்க நேர்ந்தது. இன்று உடைக்காமலே எக்ஸ்-கதிர்ப் படத்தில் பரலின் எண்ணிக்கையையும் அளவையும், அவை கல்லா, உலோக உருண்டையா என்பதையும், கூட்டின் சுவர் எத்தனை தடிப்பு என்பதையும் காணலாம். பரலுக்குப் பதில் அரக்கு நிரப்பியிருந்தால் வேறொரு வாயிலும் திறக்கிறது. அரக்கு ஒரு பூச்சி மரக்கிளைகளில் சுரப்பது. உயிர்ப்பொருளாகையால் அதில் கார்பன்-14 உண்டு, இக்காலத்து முடுக்கி நிறைமாலைமானிக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே போதும். 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்தில் வளிமண்டலக் கார்பன்-14இன் அளவு ஏறியிறங்கியதால், அந்த மூன்று நூற்றாண்டுக்குள் இன்ன காலம் என்று இம்முறையால் குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த கார்பன்-14ஐ ஏறத்தாழ இருமடங்காக்கிவிட்டதால், அதன்பின் சுரந்த அரக்கு ஐயத்துக்கிடமின்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இருநூறு ஆண்டுப் பழமை என்று விற்கப்படும் தண்டைக்குள் 1970களின் அரக்கு இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பழுதுபார்த்தவர் புது அரக்கு ஊற்றினாரா என்பது மட்டுமே மீதிக் கேள்வி.

வடிவத்தைப் பார்த்து ஊரைச் சொல்வது பலரும் முதலில் செய்வது. ஆனால் அதைக் கடைசியில் செய்வதே நல்லது. சிறுமியரின் அரைமூடி, சிவபக்தர் கழுத்தில் தொங்கும் இலிங்கக்காய், கால்விரல் மெட்டியும் பீலியும், அரைஞாணில் கோத்த தாயத்து என்று தமிழகத்துக்குப் பழகிய வடிவங்கள் பல உண்டு. இலைவடிவ இடுப்புவார்ப் பட்டத்தை மலாய் நாடு என்றும், வெள்ளிப் பரப்பில் வெட்டிய கோலத்துக்குள் வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் கந்தகச் சேர்மத்தை உருக்கி நிரப்பிய கருப்பு வேலையைத் தாய்லாந்தின் நாகோன் சி தம்மராத் என்றும், மயிரிழைபோன்ற வெள்ளிக் கம்பியைப் பின்னிய வேலையைக் கட்டாக் அல்லது கரீம்நகர் என்றும் எழுதிவிடுவது எளிது. வடிவம் ஊரோடு கட்டுண்டிருப்பதில்லை; பத்தர் குடும்பத்தோடு அது நடந்து போகும், அணிபவரோடு கப்பலேறும். இலங்கையின் கைவினைஞரைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை குறித்த நூலையும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவான வேலைப்பாட்டைக் காணாமலிருக்க முடியாது. இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையின் சுவரோவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட சேதுபதிகளின் அரசவையில் இருந்தவர்கள் எங்கெங்கே என்ன நகை அணிந்தார்கள் என்பதைக் காட்டும் காலமறிந்த ஆவணம். எனினும் அவை அரண்மனை நகைகள், அவற்றில் வெள்ளிக்கு இடம் குறைவு.

வடிவத்தைவிடத் தேய்மானம் நம்பத்தக்கது. தண்டை அணிந்தவர் நடக்கும்போது இரண்டு கால்களின் உட்பக்கங்களும் உரசுவதால், நெடுநாள் அணிந்த சோடியில் உட்பக்கத்து நகாசு மழுங்கியும் வெளிப்பக்கத்துக் கோடுகள் கூர்மையாயும் இருக்கும். மேல் வளைவைவிடக் குதிகாலில் படியும் கீழ்வளைவு இன்னும் மழமழப்பாகும். தொங்கட்டானின் வளையம் பாரத்தைத் தாங்கும் ஒரு புள்ளியில் மட்டும் மெலிந்திருக்கும். பழைய நகை என்று ஏமாற்றச் செய்தவற்றில் இந்த ஒழுங்கு இருக்காது. கந்தகக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கி, மேடுகளை மட்டும் துடைத்தெடுத்ததால், கறுப்பும் வெளுப்பும் எங்கும் ஒரே சீராக நிற்கும். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்வதால். ஆனால் கடற்கரை மணலில் புதைந்து கிடந்த வெள்ளிக்கு வேறொரு தோல் வரும். உப்பிலுள்ள குளோரினோடு வெள்ளி மெல்லச் சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகி, சாம்பலும் ஊதாவும் கலந்த மெழுகுபோன்ற மேலோடாகத் தடித்துவிடும்; நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு அது மென்மையானது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் புயல் விழுங்கிய தனுஷ்கோடியின் கரையில் இப்படியொரு காப்பு கிடைத்தால், அதைப் பளபளப்பாக்கித் தரும்படி கடைக்குக் கொடுப்பது அதன் வரலாற்றைக் கழுவிக் கொட்டுவதாகும். நீரில் எத்தனை காலம், மணலில் எத்தனை காலம் என்பதற்கு எஞ்சிய ஒரே குறிப்பு அந்த மேலோடுதான்.

முத்திரையில்லாத நகை என்று சொல்லப்படுவதிலும் சில சின்னங்கள் உண்டு. அடகுபிடித்தவர் மாற்றறிய உரைகல்லில் உரைத்த ஓரமும், வெள்ளிதானா என்று பார்க்க ஊசியால் குத்திய தடமும், பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல உட்பக்கத்தில் புள்ளிபுள்ளியாய்க் குத்திய தலையெழுத்தும் சில நகைகளில் கிடக்கும். தமிழெழுத்தா, சிங்களமா, நாகரியா, அரபியா என்பது மட்டுமே தெரிந்தாலும் மூன்றாவது கேள்விக்கான கதவு சற்றே திறந்துவிடுகிறது. காசையே கோத்த மாலையாயின் அதிலுள்ள ஆகப் புதிய காசின் ஆண்டுக்கு முன்னால் அந்த மாலை தோன்றியிருக்க முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வுக்கூடமும் கைக்கண்ணாடியும் சேர்ந்து தருவது பெரும்பாலும் ஒரு விலக்கல் பட்டியலே: இது 1940க்கு முந்தையதன்று, இது அரேபிய வெள்ளியன்று, இதன் மூட்டு பிற்காலத்தது. நகை யாருடையது என்பதைச் சொல்லக்கூடியவர் அதைக் கடைக்குக் கொண்டுவரும் முதிய பெண்மணி. அவர் திரும்பிப் போனபின் அந்தச் செய்தி உலகில் எங்குமே இருப்பதில்லை. இன்று சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் இலேசான கொலுசுக்கு ஈடாகப் பாட்டியின் கெட்டித் தண்டையை எடைக்குப் போட்டுவிடுவது எங்கும் நடப்பது. அந்தக் குடும்பத்துக்கு அது தேவையாக இருக்கலாம்; ஆயினும் உருக்குவதற்கு முன் ஒரு படமும், ஓர் எடையும், நான்கு வரிக் குறிப்பும் எடுத்துவைக்க எவரும் இல்லாதது பெருங்குறை. இது தமிழர்க்குத் தெரியாத கலையும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகள் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, கொடுத்தவர் பெயரோடும், கோத்த முத்துகளின் எண்ணிக்கையோடும், மணிகளின் குற்றங்களோடும் கல்லில் வெட்டப்பட்டன. அந்த நகைகள் மறைந்து நூற்றாண்டுகளாகியும் அவை எப்படியிருந்தன என்பது தெரிகிறது.

அருங்காட்சியகப் பதிவேடுகளில் தென்னிந்திய வெள்ளிக் கால்நகை, பத்தொன்பது அல்லது இருபதாம் நூற்றாண்டு என்று ஒற்றை வரியோடு நிற்கும் பொருள்கள் ஏராளம். அந்த வரியில் சேரவேண்டியவை அதிகமில்லை: இரண்டு தண்டைகளின் எடை தனித்தனியே, தேய்ந்த இடத்தில் அளந்த மாற்று, ஒவ்வொரு மூட்டின் நிலை, உள்ளே அரக்கா, பரலா, உட்பக்கத்துப் புள்ளியெழுத்து, கொடுத்தவரின் ஊர், அவர் தாயின் ஊர், எந்தப் பத்தர் செய்தார், எந்தக் காசைக் கொடுத்துச் செய்தார்கள், கப்பலில் வந்ததா, காலில் வந்ததா என்று அவர் சொன்னது, அவர் சொன்ன சொற்களிலேயே.